ஆறாத புண்ணுக்கு ஆயுர்வேதம்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் முறிவெண்ணெய் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அருமனையில் ரப்பர் வெட்டுபவரானாலும், குளச்சலில் வலை இழுப்பவரானாலும், கையிலோ காலிலோ காயம் பட்டால் அலமாரியில் இருக்கும் அந்தப் பச்சை எண்ணெயைத்தான் முதலில் எடுப்பார். புங்கு, வெற்றிலை, கற்றாழை, முருங்கை ஆகியவற்றின் சாறுகளைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய மருந்து அது. சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் புதிய காயத்துக்கும் நல்லது. ஆனால் அதே எண்ணெயை ஆறு மாதமாகச் சீழ் வடியும் காற்புண்ணின் மேல் ஊற்றிக்கொண்டிருப்பவர்களும் இங்கே நிறைய உண்டு. புண் ஆறவில்லை என்றால் எண்ணெயை மாற்றுகிறார்கள், அப்புறம் வைத்தியரை மாற்றுகிறார்கள். சிகிச்சையின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆயுர்வேதத்தில் புண்ணுக்கு விரணம் என்று பெயர். கெட்டுப்போய் நாட்பட்டு நிற்கும் புண்ணைத் துஷ்ட விரணம் என்பார்கள். சுசுருதர் பெயரில் வழங்கும் பழைய ஆயுர்வேத அறுவை நூலான சுசுருத சம்ஹிதை புண்ணுக்கு 60 வகை உபக்கிரமங்களை, அதாவது சிகிச்சை முறைகளைச் சொல்கிறது; அறுத்தல், சுரண்டுதல், கழுவுதல், புகையிடுதல், கட்டுதல், உணவு எல்லாம் அதில் அடங்கும். எண்ணெய் அந்த 60இல் ஒன்று. காரணத்தை நீக்கி, அழுகலை அகற்றி, புண்ணைச் சுத்தமாக்கிய பிறகுதான் ஆற்றும் மருந்துக்கு வேலை வருகிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே போகிறது.

எதை ஆறாத புண் என்று சொல்வது?

சாதாரண காயம் சில நாட்களில் சுருங்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மூடிக்கொள்ளும். நான்கு வாரம் கடந்தும் அளவு குறையாத புண்ணையும், மூடியதுபோல் தோன்றி மீண்டும் வாய் திறக்கும் புண்ணையும் ஆறாத புண் கணக்கில் வைக்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் வந்த புண்ணுக்கு நான்கு வாரம் காத்திருப்பதுகூடத் தவறு. அவர் முதல் வாரத்திலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

படிகளுக்கு முன்: எப்போது வீட்டில் இருக்கவே கூடாது

கால் விரல் கறுத்துக் குளிர்ந்துவிட்டால், புண்ணைச் சுற்றிய சிவப்பு மணிக்கு மணி மேலே ஏறினால், காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டால், துர்நாற்றத்தோடு தோலை அழுத்தும்போது நறநறவென்று சத்தம் கேட்டால், புண்ணின் அடியில் எலும்பு தெரிந்தால், அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கோ போக வேண்டும். அந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருப்பது காலை இழக்கும் வழி. சில வேளை உயிரையே இழக்கும் வழி.

கடலோர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை. மீன் முள் குத்திய இடத்திலோ, ஏற்கெனவே இருந்த புண்ணிலோ கடல்நீர் பட்டு, ஒரே நாளில் தாங்க முடியாத வலியும் ஊதா நிறக் கொப்புளங்களும் வந்தால், அது விப்ரியோ வகைக் கிருமித் தொற்றாக இருக்கலாம். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் அது மிக வேகமாகத் தாக்கும். ‘உப்புத்தண்ணி பட்டால் புண் ஆறும்’ என்ற பழம்பேச்சை நம்பி ஆறாத புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம்.

முதல் படி: ஏன் ஆறவில்லை என்று கண்டுபிடிப்பது

இந்தப் படிக்குத்தான் நேரமும் பணமும் அதிகம் செலவாக வேண்டும். நம் ஊரில் இதற்குத்தான் மிகக் குறைவாகச் செலவழிக்கிறார்கள்.

குஷ்டம், விஷம், உடல் தேய்வு நோய், மதுமேகம் ஆகியவை உள்ளவர்களின் புண்ணும், புண்ணின் மேலேயே வந்த புண்ணும் கஷ்டப்பட்டுத்தான் ஆறும் என்று சுசுருதர் சொல்கிறார். இன்றைய மருத்துவமனையின் பட்டியலும் ஏறக்குறைய இதேதான்: சர்க்கரையால் மரத்துப்போன பாதம், தொழுநோயால் உணர்வு போன பாதம், காசநோய், ஊட்டச்சத்துக் குறைவு. இவற்றோடு இரத்தக் குழாய் அடைப்பு, சுருள்சிரை (வெரிகோஸ்), படுக்கைப்புண், யானைக்கால் வீக்கம், தோல் புற்றுநோய் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புண் இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். உள்ளங்காலில், பெருவிரல் அடியில், சுற்றிலும் தடித்த தோலோடு வலியே இல்லாத குழிப்புண் என்றால் நரம்புணர்வு போயிருக்கிறது. உட்கணுக்காலுக்கு மேலே, சுற்றுத்தோல் கறுத்து, அரிப்போடு நீர் வடிந்தால் பெரும்பாலும் சிரைப்புண். நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் டீ மாஸ்டர்களுக்கும் ஜவுளிக்கடை ஊழியர்களுக்கும் இது அடிக்கடி வரும். விரல் நுனியிலோ குதிகாலிலோ வறண்டு கறுத்து, இரவில் காலைத் தொங்கவிட்டால் மட்டும் வலி குறைந்தால் தமனியில் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பீடி பழக்கம் உள்ளவர்களிடம் இதை முதலில் தேட வேண்டும். வைத்தியர் வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்ப்பதும் இதே குறிகளைத்தான்: குத்தும் வலியும் கருமையும் வறட்சியும் வாதம், எரிச்சலும் சூடும் மஞ்சள் கசிவும் பித்தம், அரிப்பும் கனமும் வெளுத்த கொழகொழப்பும் கபம். இரண்டு முறைகளையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்திவிட முடியாது. பார்க்கும் கண் ஒன்றுதான்.

எந்த வைத்தியரிடம் போனாலும் இந்தச் சோதனைகளைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, இரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரகச் செயல்பாடு. பாதத்தில் நாடித்துடிப்பு இருக்கிறதா என்று கையால் பார்த்தல். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்வுச் சோதனை. கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் சோதனை, விடை 0.9க்குக் கீழே போனால் குழாயில் அடைப்பு, 0.5க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். ஆனால் நீண்டநாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவர் இறுகி, விடை பொய்யாக உயர்ந்து காட்டுவதுண்டு. குழிப்புண்ணுக்கு எக்ஸ்ரே. ஓரம் உருண்டு தடித்தோ பூக்கோசுபோல் வளர்ந்தோ இருந்தால், அல்லது பழைய தீக்காயத் தழும்பில் புண் வந்தால், ஒரு துளி சதையெடுத்துப் புற்றுநோய்ச் சோதனை. தோலில் உணர்வற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ச் சோதனை. அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.

கோட்டாற்றில் உள்ள அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தமிழ்நாட்டில் அரசு நடத்தும் ஒரே ஆயுர்வேதக் கல்லூரியைச் சேர்ந்தது. இந்த வசதி நம் மாவட்டத்துக்கே வாய்த்திருக்கும்போது, பலகையில் பட்டமோ பதிவெண்ணோ இல்லாத இடத்தில் போய் ‘ஒரே வாரத்தில் சர்க்கரைப்புண் ஆறும்’ என்ற பேச்சை நம்ப வேண்டியதில்லை. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு கண்டிப்பான சொல்: ஆயுர்வேதம் தொடங்குகிறோம் என்று இன்சுலினையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தச் சொல்பவர் எவ்வளவு பெரிய ஆசானானாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: கழுவுதல்

கழுவும் கஷாயம் வீட்டில் செய்யக்கூடியது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றையும் கொட்டை நீக்கிச் சம அளவு எடுத்து ஒன்றிரண்டாக இடித்த திரிபலா 50 கிராம், தண்ணீர் 800 மில்லி. சிறு தீயில் 200 மில்லியாக வற்றும் வரை காய்ச்சி, கொதிக்கவைத்து உலர்த்திய துணியை நான்காக மடித்து வடிகட்ட வேண்டும். மாவாகப் பொடித்த திரிபலா வேண்டாம். வண்டல் புண்ணில் தங்கிவிடும். காய்ச்சிய கஷாயத்தை அன்றே தீர்த்துவிடுங்கள். மறுநாளைக்கு எடுத்துவைத்தால் கிருமிக்குச் சோறு போட்டதாகும்.

அழுகலும் நாற்றமும் உள்ள நாட்களில் திரிபலா. புண் சுத்தமாகி நீர்க்கசிவு மட்டும் மிஞ்சும்போது ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நால்பாமரப் பட்டைக் கஷாயம். பூவரசம் பட்டையும் சேர்ந்தால் அது பஞ்சவல்கலம். துவர்ப்பு மிகுந்த இந்தப் பட்டைகள் கசிவை அடக்கும். அளவும் காய்ச்சும் முறையும் மேலே சொன்னதுதான்.

கஷாயம் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சூட்டை நோயாளி தன் காலால் பார்க்கக் கூடாது, வீட்டிலுள்ள வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். மரத்துப்போன காலைச் சுடுகஷாயத்தில் விட்டு, பழைய புண்ணோடு புதிய தீப்புண்ணையும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. காலைப் பாத்திரத்தில் ஊறவைப்பதும் வேண்டாம், தோல் வெளுத்து ஊறிக் கிழியும். மேலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றிக் கழுவி, சுற்றுத்தோலையும் விரலிடுக்கையும் ஒற்றி உலர்த்துங்கள்.

காப்பிப் பொடி, சுண்ணாம்பு, சாம்பல், பீடித்தூள், தோட்டத்து வேலியில் பறித்துக் கசக்கிய கம்யூனிஸ்ட் பச்சை இலை எதையும் புண்ணுக்குள் வைக்காதீர்கள். அந்த இலைக்குப் புதிய வெட்டுக்காயத்தில் இரத்தத்தைக் கட்டும் குணம் உண்டு. நாட்பட்ட குழிப்புண்ணில் அது கொண்டுவருவது மண்ணும் கிருமியும்தான். தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பொங்குவதைப் பார்த்து மகிழ்வதும் இதே வகை. அது கிருமியோடு புதிதாக முளைக்கும் சதையையும் அழிக்கும்.

மூன்றாம் படி: அழுகலை அகற்றுதல்

செத்த சதையும் ஓரத்தில் தடித்த தோலும் இருக்கும் வரை எந்த மருந்தும் உள்ளே இறங்காது. சுசுருதர் இதற்குக் கத்தியைச் சொல்கிறார். அறுத்தலும் சுரண்டுதலும் ஆயுர்வேதத்துக்கு அந்நியமானவை என்று நினைப்பது பெரிய அறியாமை. இதைச் செய்ய வேண்டியவர் பயிற்சி பெற்ற மருத்துவர், இடம் மருத்துவமனை. வீட்டில் பிளேடால் தடித்த தோலைச் சீவுவது வேண்டவே வேண்டாம். தமனி அடைப்பு உள்ள காலில் உலர்ந்து கறுத்த பகுதியை, இரத்த ஓட்டத்தைச் சரிசெய்யாமல் தொடவும் கூடாது.

சிரைப்புண்ணைச் சுற்றித் தேங்கிய கெட்ட இரத்தத்துக்கு அட்டை விடுவது உண்டு. மலையில் காலில் ஏறும் அட்டையைப் பிடித்து விடும் வேலையல்ல இது. சுசுருதர் 12 வகை அட்டைகளைச் சொல்லி, அவற்றில் 6 விஷமுள்ளவை என்று ஒதுக்குகிறார். அட்டையின் குடலில் வாழும் கிருமி புண்ணில் தொற்றும் ஆபத்தும் உண்டு. ஒருவருக்கு விட்டதை இன்னொருவருக்கு விடவும் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் இரத்தசோகை உள்ளவர்களும் தமனி அடைப்பு உள்ளவர்களும் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

நான்காம் படி: ஆற்றும் மருந்து

எண்ணெயின் முறை இப்போதுதான் வருகிறது. புண் தயாராகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? நாக்கின் மேற்பரப்பைப் போன்ற நிறம், மென்மை, வலியின்மை, கசிவின்மை ஆகியவை சுத்த விரணத்தின் அடையாளம் என்கிறது சம்ஹிதை. எனக்குத் தெரிந்தவரை இதைவிட எளிதான அளவுகோல் இல்லை. கண்ணாடியில் உங்கள் நாக்கைப் பார்த்துவிட்டுப் புண்ணைப் பாருங்கள். மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஏதாவது ஒட்டியிருந்தால் மூன்றாம் படிக்கே திரும்ப வேண்டும்.

அதிகம் பயன்படுவது ஜாத்யாதி தைலம், அல்லது அதன் நெய் வடிவம். ஜாதி என்பது தோவாளைச் சந்தையில் மலையாகக் குவியும் அதே பிச்சிதான். பூ கூந்தலுக்கும் கோவிலுக்கும் போக, இலை இந்த மருந்துக்கு வருகிறது. வேம்பு, புங்கு, மஞ்சள், மரமஞ்சள், மஞ்சிட்டி, அதிமதுரம், தேன்மெழுகு ஆகியவற்றோடு செம்பு உப்பான மயில்துத்தமும் சேர்வதால் இது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரியது. எரிச்சலோடு காய்ந்திருக்கும் புண்ணுக்கு நெய், கசிவுள்ள புண்ணுக்குத் தைலம் என்று பொதுவாகத் தேர்வார்கள். சித்த மருத்துவரிடம் போனால் மத்தன் தைலம் தருவார். ஊமத்தை இலைச்சாறும் துருசும் (அதே மயில்துத்தம்) சேர்ந்தது, கடுமையான அழுகலுக்கு உரியது, நச்சுத்தன்மையும் உண்டு. அதை அவர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடராதீர்கள்.

தைலத்தைப் புண்ணில் ஊற்றி நிரப்பாதீர்கள். கிருமிநீக்கிய காஸ் துணியை அதில் நனைத்து, பிழிந்து, ஒரே மடிப்பாகப் புண்ணின் மேல் பரப்பினால் போதும். குழியாக இருந்தால் துணியைத் தளர்வாக உள்ளே வைக்கலாம், அடைக்கக் கூடாது.

தேன் நல்ல மருந்துதான். நீரை உறிஞ்சும், புளிப்புத்தன்மையால் கிருமியை அடக்கும், நாற்றத்தைக் குறைக்கும். மார்த்தாண்டம் தேன் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் நம்மவர்கள் பாட்டிலைத் திறந்து அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். ஆனால் உண்ணும் தேனில் கிருமி வித்துகள் இருக்கலாம். புண்ணுக்கென்றே கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தேன் மருந்துக்கடைகளில் தனியாகக் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். ரப்பர்த் தோட்டத்துத் தேன் தோசைக்கு இருக்கட்டும்.

ஐந்தாம் படி: கட்டும் ஓய்வும்

‘காற்றுப்படட்டும், காய்ந்து பொருக்குத் தட்டட்டும்’ என்று புண்ணைத் திறந்துபோடும் பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. பொருக்கின் அடியில் சீழ் தேங்கும். புண்ணுக்கு ஈரப்பதம் வேண்டும், சொதசொதப்புத்தான் கூடாது.

குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மூன்று நாளுக்கு ஒரு முறை, கோடையிலும் மழையிலும் இரண்டு நாளுக்கு ஒரு முறை கட்டை அவிழ்க்க வேண்டும் என்பது சுசுருதர் கணக்கு. துணி நனைந்துவிட்டால் அந்தக் கணக்கைப் பார்க்காமல் அன்றே மாற்றுங்கள். குமரிக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. ஜூனிலும் அக்டோபரிலும் துவைத்த கட்டுத்துணி காயாமல் பூசணம் பிடிக்கும். அந்த மாதங்களில் உறையிட்டு விற்கும் காஸ் துணியையே வாங்கிவிடுவது மலிவு.

உள்ளங்கால் புண்ணுக்கு மருந்தில் முக்கால் பங்கு, காலை ஊன்றாமல் இருப்பதுதான். விடியற்காலையில் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களைச் சுற்றிவரும் ஒருவரிடம் இதைச் சொல்வது எளிது, அவர் செய்வது கடினம். முழுப்பாதத்தையும் அணைக்கும் மாவுக்கட்டுப் போட்டால் நடந்தாலும் புண்ணில் அழுத்தம் விழாது. எலும்பு மருத்துவர்கள் போட்டுத்தருவார்கள். அது முடியாதென்றால் ஊன்றுகோலும் பாதத்தின் முன்பகுதிக்கு எடை போகாத சிறப்புச் செருப்பும் வேண்டும்.

சிரைப்புண்ணுக்கு இறுக்கக் கட்டு. காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முன், விரலடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழ் வரை மேலே போகப்போக இறுக்கம் குறையும்படி சுற்ற வேண்டும். படுக்கும்போது கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்கட்டும். பாதத்தில் நாடித்துடிப்பு சரியாக இருப்பதாக மருத்துவர் உறுதி சொன்னால் மட்டும் இதைச் செய்யுங்கள். தமனி அடைப்பு உள்ள காலை இறுக்கிக் கட்டினால் கால் அழுகும்.

ஆறாம் படி: உள்மருந்தும் சாப்பாடும்

கைசோர குக்குலு, திரிபலா குக்குலு, கந்தக ரசாயனம், மஞ்சிட்டி சேர்ந்த கஷாயங்கள், சர்க்கரைக்கு நிசாகதகாதி ஆகியவை வழக்கமாக எழுதப்படுபவை. எது, எவ்வளவு என்பதை வைத்தியர் முடிவுசெய்யட்டும். அவரிடம் நீங்கள் மறைக்கக் கூடாதவை: தைராய்டு மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சிறுநீரகக் கோளாறு. குக்குலு முதல் இரண்டோடும் மோதலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு பாதரசமோ ஈயமோ சேர்ந்த மருந்து நஞ்சு. உற்பத்தி உரிம எண்ணும் உட்பொருள் பட்டியலும் காலாவதித் தேதியும் அச்சிடாத சிவப்புக் களிம்பையும் பொட்டலப் பொடியையும் யார் தந்தாலும் வாங்காதீர்கள். அரிஷ்டத்திலும் லேகியத்திலும் வெல்லம் இருப்பதைச் சர்க்கரை உள்ளவர்கள் மறக்க வேண்டாம்.

பத்தியத்தைப் பொறுத்தவரை சுசுருதர் நூல் விலக்குவது புதிய தானியம், உளுந்து, எள், கொள்ளு, புளிப்பு, மிகுந்த உப்பு, தயிர், கருவாட்டைப் போன்ற உலர்ந்த மாமிசம், நீர்வாழ் உயிரிகளின் மாமிசம், பகல் தூக்கம். ஏற்பது பழைய அரிசி, சிறுபயறு, பாகற்காய், புடலங்காய், கீரை, நெல்லி, மாதுளை. சிறுபயறு போட்ட கஞ்சி நம் வீட்டுச் சாப்பாடுதான், தாராளமாகக் குடிக்கலாம்.

மீன் விஷயத்தில் மட்டும் நான் நூலை எழுத்துக்கு எழுத்துப் பிடிப்பதில்லை. கடற்கரைக் குடும்பத்தில் மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டால் தட்டில் மிஞ்சுவது மரச்சீனிக் கிழங்கும் சோறும். சர்க்கரை ஏறும், சதை வளரப் புரதம் இருக்காது. மாதக்கணக்கில் அப்படிப் பத்தியம் இருந்து, புண்ணும் ஆறாமல் உடலும் இளைத்து வருபவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. சாளையோ நெத்தோலியோ புளியும் காரமும் குறைத்து வேகவைத்துச் சாப்பிடட்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரத அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பீடி, சிகரெட், மதுவை விட வேண்டும் என்பதில் பேச்சே இல்லை.

ஏழாம் படி: அளந்து பார்த்தல்

வாரம் ஒரு நாள், அதே வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். அதிகபட்ச நீளம், அதிகபட்ச அகலம் இரண்டையும் பெருக்கி எழுதிவையுங்கள். 4 வாரத்தில் அது பாதியாகக் குறைந்தால் போகும் வழி சரி. குறையவில்லை என்றால் முதல் படிக்குத் திரும்ப வேண்டும்: அடைப்பா, எலும்பில் தொற்றா, புற்றா, அல்லது நோயாளி இரகசியமாக நடந்துகொண்டிருக்கிறாரா? கடைசிக் கேள்வியை வீட்டுப் பெண்களிடம் கேட்டால் உண்மை வரும்.

ஆறிய பிறகு

ஆறிவரும் புண்ணின் ஓரம் புறா நிறத்தில் மாறி உள்நோக்கி நகரும். மூடிய பிறகும் அந்தத் தோல் பழைய பலத்தை முழுமையாக அடைவதில்லை. தோலின் நிறத்தையும் மென்மையையும் சரிசெய்யும் சிகிச்சைகளையும் சம்ஹிதை சொல்கிறது, அவற்றுக்கு அவசரமில்லை. அவசரமானது செருப்பு. உணர்வு போன பாதத்துக்கு மைக்ரோசெல்லுலார் ரப்பர் அடிப்பாகமும் பின்பட்டையும் உள்ள செருப்பு வேண்டும், விரலிடுக்கில் பட்டை வரும் செருப்பு வேண்டாம். வீட்டுக்குள்ளும் அணியுங்கள். போடும் முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். கல்லோ ஆணியோ இருந்தால் காலுக்குத் தெரியாது.

மண்டைக்காட்டுக் கொடைக்கும் சபரிமலைக்கும் வெறுங்காலில் நடப்பது வேண்டுதலாக இருக்கலாம். கால் மரத்துப்போனவர் நண்பகல் மணலிலும் தாரிலும் நடந்தால் கொப்புளம் வந்ததே இரவில்தான் தெரியும். சூரியன் ஏறும் முன் கும்பிட்டுத் திரும்பிவிடுங்கள்; மலைக்குப் போகும் எண்ணமிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், அவர் வேண்டாமென்றால் அந்த ஆண்டு ஊர்க்கோவிலில் நெய்விளக்கு ஏற்றிவிடலாம். தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதும், பார்வை மங்கியவராக இருந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்வதும் வழக்கமாகட்டும். சிவப்போ கொப்புளமோ தெரிந்தால் மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.